வானா, ட்ரெயிலரா? முதலில் தண்ணீரை எடை போட்டுப் பாருங்கள்

வாசகர் கேள்வி: அண்ணா, ஸ்காபரோவில் கார்பெட் சுத்தம் செய்யும் நிறுவனம் ஒன்றில் ஐந்து வருடம் வேலை செய்தேன். இனிச் சொந்தமாகத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். என்னிடம் 2019 டொயோட்டா சியன்னா மினிவான் ஒன்று இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 6க்கு 10 அடி மூடிய ட்ரெயிலரை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். அதற்குள் ஸ்லைட்-இன் இயந்திரம் (வண்டிக்குள் இருந்தபடியே வெந்நீரைக் குழாயால் வீட்டுக்குள் அனுப்பி, அழுக்கு நீரை உறிஞ்சி எடுக்கும் பெரிய இயந்திரம்) ஒன்றைப் பூட்டி, சியன்னாவால் இழுக்கலாம் என்பது என் எண்ணம். இன்னொருவர் தொழிலை விட்டு ஓய்வெடுக்கப் போகிறார். அவர் தன்னுடைய 2012 ஃபோர்ட் எக்கொனோலைன் வானை உள்ளே இருக்கும் இயந்திரத்தோடு சேர்த்து விற்கிறார். அது 2,80,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது. நாங்கள் இருப்பது டவுன்ஹவுஸ். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், சியன்னாவை மட்டும் விற்காதீர்கள் என்கிறார் மனைவி. எதை வாங்கட்டும்?

பதில்:

தம்பி, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ட்ரெயிலரின் நீள அகலம் இருக்கிறது, வானின் வயது இருக்கிறது, ஓடிய தூரம் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் ஒரு வரியில்கூட இல்லை. இந்தத் தொழிலுக்கு வரும் எல்லோரும் வாகனத்தில் இருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதற்கான விலையையும் கொடுத்தேன். ஆனால் வாகனம் கடைசியாக முடிவாக வேண்டியது. யாருடைய வாசலுக்குப் போகப் போகிறீர்கள் என்பது இயந்திரத்தைத் தீர்மானிக்கும். இயந்திரம் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று சொல்லும். தண்ணீரின் பாரம் வாகனத்தைச் சொல்லிவிடும்.

முதலில் உங்கள் ட்ரெயிலர் கணக்கைப் பார்த்துவிடுவோம். அதில்தான் நீங்கள் முற்பணம் கொடுத்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒற்றை அச்சுள்ள 6க்கு 10 மூடிய ட்ரெயிலரின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் மொத்த எடை (ட்ரெயிலரும் அதில் ஏற்றும் பாரமும் சேர்த்து) 2,990 இறாத்தல் என்றிருக்கும். கிலோவில் 1,356. ஏன் வட்டமாக 3,000 என்று போடவில்லை? ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ போனால் ட்ரெயிலருக்குத் தனியாகப் பிரேக் இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்பதற்காகத்தான் அந்த இலக்கம். அதாவது நீங்கள் மலிவாக வாங்கப்போகும் ட்ரெயிலருக்குப் பெரும்பாலும் பிரேக் இருக்காது.

இனி ஏற்றுவோம். வெறும் ட்ரெயிலர் ஏறக்குறைய 500 கிலோ. சிறிய ஸ்லைட்-இன் இயந்திரமும் அதன் கழிவுத் தொட்டியும் 350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 அமெரிக்கக் கலன் நல்ல தண்ணீர் என்பது 378 லீற்றர், அதாவது 378 கிலோ. 150 அடி உறிஞ்சு குழாய், வெந்நீர்க் குழாய், அவற்றைச் சுற்றும் உருளைகள் எல்லாம் ஒரு 80. இரசாயனக் கலன்கள், கைக்கருவிகள், காற்றாடிகள் 60. கூட்டினால் 1,368 வருகிறது. தகட்டில் எழுதியதையும் தாண்டிவிட்டது, பிரேக் சட்டத்தின் கோட்டையும் தாண்டிவிட்டது. இன்னும் நீங்கள் ஒரு வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

வேலை நடக்க நடக்கத் தண்ணீர் குறைந்து பாரம் இறங்கும் என்று நினைக்க வேண்டாம். நல்ல தண்ணீர்த் தொட்டியில் இருந்து போவதில் பெரும்பகுதி அழுக்கோடு கழிவுத் தொட்டிக்குத் திரும்பி வருகிறது. வண்டிக்குள் அது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கோடையில் வாடிக்கையாளர் வீட்டு வெளிக்குழாயில் இருந்து தண்ணீர் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். நல்ல தண்ணீர்த் தொட்டியும் நிறைந்திருக்கும், கழிவுத் தொட்டியும் நிறைந்திருக்கும்.

சியன்னா 3,500 இறாத்தல் இழுக்கும், ஏறக்குறைய 1,590 கிலோ, ஆகவே பிரச்சினை இல்லை என்று யாராவது சொல்வார்கள். அது இழுப்பதன் உச்ச எல்லை. தினமும் எல்லையில் நின்று வேலை வாங்கினால் முதலில் கியர்பெட்டி முறையிடும். ட்ரெயிலரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்த வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் வால் ஆடும். அந்த 137 கிலோ சியன்னாவின் பின்புறத்தில் உட்கார்ந்து முன்புறத்தைத் தூக்கும். முன் சக்கரத்தால் ஓடும் வாகனம், முன்புறம் இலேசாகிவிட்டது, பின்னால் பிரேக் இல்லாத தண்ணீர்த் தொட்டி, தெருவில் பெப்ரவரி மாதத்து ஐஸ். சிவப்பு விளக்கில் நீங்கள் நின்றுவிடுவீர்கள். தண்ணீர் நிற்காது. தடுப்புத் தகடுகள் இல்லாத தொட்டி பாதி நிரம்பியிருந்தால் பிரேக் பிடித்த பிறகும் ஒரு தள்ளுத் தள்ளும். ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு முதுகில் அது நினைவிருக்கும்.

ட்ரெயிலரை நான் ஒரேயடியாக வெறுப்பவன் இல்லை. இழுக்கும் வாகனம் பழுதாகிவிட்டால் இன்னொன்றை இரவல் வாங்கி வேலைக்குப் போகலாம். இயந்திரத்தின் புகையும் இரசாயன மணமும் சாரதியின் மூக்குக்கு வராது. பரந்த வளவும் நீண்ட கார்ப்பாதையும் உள்ள நாட்டுப்புற ஊர்களில், இரட்டை அச்சும் பிரேக்கும் உள்ள ட்ரெயிலரை ஒரு பிக்கப்பால் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நன்றாகவே உழைக்கிறார்கள். நீங்கள் இருப்பது டவுன்ஹவுஸில். அங்கே அதை எங்கே விடுவீர்கள்? ரொறன்ரோவில் வேறு அறிவிப்பு இல்லாத தெருவில் மூன்று மணி நேரம்தான் வாகனம் நிறுத்தலாம். வாடிக்கையாளர்களில் பாதிப்பேரும் உங்களைப் போலவே குறுகிய ஒழுங்கைகளில் இருப்பார்கள், அதற்குள் ட்ரெயிலரைப் பின்னோக்கி எடுப்பது தனிக் கலை. இரவில் கொக்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டு போகத் திருடனுக்கு ஐந்து நிமிடம் போதும். பின்னொரு நாள் பெரிய வான் வாங்கி அதற்குப் பின்னால் இந்த ட்ரெயிலரைப் பூட்டலாம் என்று நினைத்தாலும், இரண்டின் மொத்த எடை 4,500 கிலோவைத் தாண்டியதும் வர்த்தக வாகனங்களுக்கான வருடாந்தப் பரிசோதனை இரண்டுக்கும் வந்துவிடும். உங்கள் ஜி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் இழுப்பதற்குப் போதும், அதில் சிக்கல் இல்லை.

ஆகவே ட்ரெயிலர் வேண்டாம்.

இனி எக்கொனோலைன். 2014 மொடலோடு ஃபோர்ட் அந்த வானைச் சரக்கு வானாகச் செய்வதை நிறுத்திவிட்டு ட்ரான்சிட்டுக்கு மாறியது. அதன் அடிச்சட்டத்தில் லொறிகளும் அம்புலன்சுகளும் இன்னும் வருவதால் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சமில்லை. எனக்குப் பயம் கிலோமீற்றரில் இல்லை, உப்பில்தான் இருக்கிறது. இங்கே பத்துக்கு மேற்பட்ட வின்ரர் கண்ட வானின் அடிப்பகுதியைப் பார்க்காமல் ஒரு சதம் கொடுக்கக் கூடாது. சட்டகத்தையும் பிரேக் எண்ணெய்க் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் விட, கழிவுத் தொட்டிக்கு நேர் கீழே உள்ள தளத்தைப் பாருங்கள். வருடக்கணக்காக ஒழுகிய நீர் உள்ளிருந்தும், வீதி உப்பு வெளியிலிருந்தும் தின்ற இடம் அது. இயந்திரத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அந்தத் தகட்டில்தான் நிற்கின்றன. திடீரென்று பிரேக் பிடித்தால் 350 கிலோ இரும்பு உங்கள் பிடரிக்குப் பின்னால் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இடையில் இரும்புத் தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த வானில் இரண்டு மணிக்கூடுகள் இருக்கின்றன. எல்லோரும் வானின் கிலோமீற்றரை மட்டும் பார்க்கிறார்கள். ஸ்லைட்-இன் இயந்திரத்துக்குத் தனிப் பெற்றோல் இயந்திரம் உண்டு, அது எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும் சிறிய கடிகாரமும் உண்டு. அது வேலை செய்யவில்லை என்று விற்பவர் சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். வேலை செய்தால் காலையில் சொல்லாமல் கொஞ்சம் முந்திப் போங்கள், இயந்திரத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஏற்கனவே சூடாக இருந்தால், குளிரில் அது சிரமப்பட்டுத்தான் கிளம்புகிறது என்று அர்த்தம். நூறு அடி குழாயைப் பூட்டி அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கைக்கருவியின் நுனியில் வரும் தண்ணீர் ஐந்தாவது நிமிடத்தில் கொதிப்பது பெரிய காரியம் இல்லை. இருபத்தைந்தாவது நிமிடத்திலும் அதே சூடு இருக்க வேண்டும். இறங்கிவிட்டால் தண்ணீரைச் சூடாக்கும் வெப்பமாற்றியில் சுண்ணாம்பு படிந்திருக்கக்கூடும்.

இதெல்லாம் தேறினாலும் நான் வானை வாங்கமாட்டேன். நான் அந்த மனிதரிடம் வேறு ஒன்றைக் கேட்பேன். அவர் ஓய்வெடுக்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் பழைய வாடிக்கையாளர் பட்டியலையும் என்ன விலைக்குத் தருவார்? வருடத்துக்கு ஒருமுறை “அந்தக் கார்பெட்காரரைக் கூப்பிடு” என்று ஒரு வீட்டில் யாராவது சொல்கிறார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தைத்தான் நீங்கள் வாங்க வேண்டும். துருப்பிடித்த வானுக்குக் கொடுக்கும் காசில் பாதியை அதற்குக் கொடுத்தாலும் இலாபம். இயந்திரம் உண்மையிலேயே நன்றாக இருந்தால் அதை மட்டும் தனியாகக் கழற்றித் தரமுடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

இப்போது நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் வாடிக்கையாளர் யார்? ஸ்காபரோவில் நீங்கள் தொடங்கினால் முதல் வருடம் வரும் அழைப்புகளில் பெரும்பங்கு தொடர்மாடிகளில் இருந்தும் கொண்டோக்களில் இருந்தும் வரும் என்பது என் அனுபவம். பதினேழாம் மாடிக்கு வானில் இருந்து குழாய் இழுக்க முடியாது. எவ்வளவு பெரிய இயந்திரத்தை வானில் பூட்டி வைத்திருந்தாலும் அங்கே அது கீழே நின்று வேடிக்கைதான் பார்க்கும். லிஃப்டில் ஏற்றக்கூடிய, சில்லுப் பூட்டிய கையடக்க இயந்திரம் அங்கே வேண்டும். சாதாரண வீட்டு மின்செருகி 120 வோல்ட், 15 அம்பியர், அதாவது 1,800 வாட்ஸ்தான் தரும். அதனால் இரண்டு மின்வடம் உள்ள இயந்திரமாக எடுங்கள். இரண்டையும் வெவ்வேறு மின்சுற்றில், ஒன்றைச் சமையலறையிலும் ஒன்றைப் படுக்கையறையிலும் என்று, செருக வேண்டும். ஒரே சுற்றில் செருகினால் அந்தச் சுற்றின் மின்சாரம் நின்றுபோய் அசடு வழிய நிற்க நேரிடும்.

ஸ்லைட்-இன் இயந்திரத்துக்கு வேகமும் உறிஞ்சும் பலமும் அதிகம், கார்பெட் சீக்கிரம் காயும். அதை மறுக்கவில்லை. ஆனால் கறையை எடுப்பது நீங்கள், இயந்திரம் இல்லை. நம்மவர் வீட்டு மஞ்சள் கறையில் காரத்தன்மையுள்ள வழக்கமான திரவத்தைத் தெளித்தால் அது செம்பழுப்பாக மாறி, வீட்டுக்காரம்மாவின் முகமும் அதே நிறத்துக்கு வரும். அதை எவ்வளவு பெரிய இயந்திரமும் தடுக்காது. ஐந்து வருடம் வேலை செய்த உங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

கையடக்க இயந்திரத்துக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. குளிர். என் முதல் வின்ரரில் ஒரு வெள்ளி இரவு, களைப்பில், குழாய்களில் இருந்த தண்ணீரை வெளியேற்றாமல் வானைத் தெருவில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பம்பின் தலை இரண்டாகப் பிளந்திருந்தது, வெப்பமாற்றியிலும் வெடிப்பு. அந்த மாதம் உழைத்தது முழுவதும் திருத்துபவரிடம் போனது. வானில் நிரந்தரமாகப் பூட்டிய இயந்திரத்துக்கு நவம்பரில் இருந்து மார்ச் வரை ஒவ்வொரு இரவும் சூடான கூரை வேண்டும், அல்லது ஒவ்வொரு இரவும் உறைதடுப்புத் திரவத்தை ஓடவிட வேண்டும். உங்கள் டவுன்ஹவுஸ் கராஜின் கதவு ஏழு அடி என்றால் அது 213 சென்ரிமீற்றர். பெரிய சரக்கு வான்களில் மிகத் தாழ்ந்த கூரையுள்ளதே ஏறக்குறைய அந்த உயரம் வரும். நீளமும் இடிக்கும். இயந்திரத்துக்காக மாத வாடகையில் இடம் பிடிக்க வேண்டி வரும். கையடக்க இயந்திரத்தையோ இரவில் சாய்தளத்தால் இறக்கிக் கராஜுக்குள் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம்.

வெளிக்குழாய் விடயமும் இருக்கிறது. வின்ரரில் வீட்டுக்காரர்கள் அதை உள்ளிருந்து பூட்டிவிடுவார்கள். ஸ்லைட்-இன் வைத்திருப்பவருக்கு அதனால்தான் அந்த 378 கிலோ தேவைப்படுகிறது. கையடக்க இயந்திரத்துக்குக் குளியலறைக் குழாய் போதும். கழிவு நீரையும் அங்கேயே கழிப்பறையில் ஊற்றிவிடலாம். தெருவோரத்து மழைநீர் வடிகாலில் ஒருநாளும் ஊற்றாதீர்கள். அது ஹைலண்ட் ஓடை வழியாகவோ ரூஜ் ஆறு வழியாகவோ நேரே ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது, நகரத்தின் விதி அதைத் தடை செய்கிறது.

ஆக, என் தீர்ப்பு இது. பாவித்த செவ்ரோலே எக்ஸ்பிரஸ் 2500 அல்லது தாழ்ந்த கூரையுள்ள ஃபோர்ட் ட்ரான்சிட் 250 ஒன்றை வாங்குங்கள். உள்ளே இப்போதைக்குக் கையடக்க இயந்திரம் மட்டும். எக்ஸ்பிரஸின் மொத்த எடை எல்லை 8,600 இறாத்தல், ட்ரான்சிட்டினது 9,070. இரண்டுமே 4,500 கிலோ கோட்டுக்குக் கீழேதான். ஒன்றரை, இரண்டு வருடத்தில் வீடுகளும் நிலக்கீழ் அறைகளும் உங்கள் பட்டியலில் கூடியதும் அதே வானில் ஸ்லைட்-இன் பூட்டப் பாரத்திலும் இடத்திலும் தாராளம் இருக்கும். பூட்டிய பிறகு, தொட்டி நிறையத் தண்ணீரோடு ட்ரக் ஸ்டாப் ஒன்றின் தராசில் எடை பார்த்து, சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். அன்றைக்கே உள்ளே ஒரு காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் மாட்டுங்கள். பெற்றோல் இயந்திரம் ஓடும்போது வாடிக்கையாளரின் கராஜுக்குள்ளோ சன்னலுக்குக் கீழேயோ வான் நிற்கக் கூடாது.

சிறிய வான் போதாதா என்று கேட்பீர்கள். நிசான் என்வி200, ட்ரான்சிட் கனெக்ட் போன்றவை கையடக்க இயந்திரத்துக்கு அருமையானவை, எண்ணெய்ச் செலவும் குறைவு, நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குள்ளும் நுழையும். ஆனால் அவற்றில் ஸ்லைட்-இன் பூட்டுவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. நிசான் 2021இலும் ஃபோர்ட் 2023இலும் இந்தச் சந்தைக்கு அவற்றைச் செய்வதை நிறுத்திவிட்டன, நல்லதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது. கொண்டோ வேலைக்கு மட்டுமே வாழ்நாள் முழுவதும் போவேன் என்றால் எடுங்கள். கொண்டோவில் பெரும்பாலும் உங்களைப் பொருள் இறக்கும் வாசலுக்குத்தான் அனுப்புவார்கள், சர்வீஸ் லிஃப்ட் அங்கேதான் இருக்கும். அதனால் வானின் உயரத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை.

எங்கே வாங்குவது என்பதிலும் காசு இருக்கிறது. விற்பனை நிலையத்தில் வாங்கினால் 13 வீத எச்எஸ்டி என்ற விற்பனை வரி கட்டுவீர்கள். தொழிலை எச்எஸ்டிக்குப் பதிந்திருந்தால் அதைத் திரும்பக் கோரலாம். வருட வருமானம் 30,000 டொலருக்குக் கீழே இருந்தாலும் விரும்பிப் பதியலாம், ஆகவே வான் வாங்கும் முன்பே பதிந்துவிடுங்கள். தனியாரிடம் வாங்கினால் பதிவு செய்யும்போது கட்டும் 13 வீதம் மாகாண வரி. அது திரும்பி வராது. இரண்டு விலைகளையும் ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பாருங்கள். தனியாரிடம் என்றால் பாவித்த வாகனத் தகவல் கோவையைக் கேட்டு வாங்குங்கள், வானில் கடன் நிலுவை இருந்தால் அதில் தெரியும்.

கடைசியாகக் காப்புறுதி. குடும்பக் காருக்கான காப்புறுதி தொழில் ஓட்டத்துக்குச் செல்லாது. இயந்திரத்தோடு போகும்போது விபத்து நடந்தால், நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதுதான். வானுக்கு வர்த்தகக் காப்புறுதி, இயந்திரங்களுக்குத் தனி, வாடிக்கையாளர் வீட்டில் ஏற்படும் சேதத்துக்குத் தனி என்று மூன்றையும் கேளுங்கள். கொண்டோ நிர்வாகம் மூன்றாவதற்குச் சான்றிதழ் கேட்கும், இல்லாவிட்டால் லிஃப்ட் திறப்பே கிடைக்காது.

சியன்னாவை விற்காதீர்கள். உங்கள் மனைவி சொன்னது சரி. அதில் ஒரு போத்தல் இரசாயனம்கூட ஏற்றாதீர்கள் என்று நானும் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.